தலையாட்டி பொம்மையும் மூன்று பழைய லேப்டாப்பும்

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, நீளமான ஒரு பக்கத்தை வேகமாக மேலே தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா?

சில மெஷின்களில் ஆடி மாத வாய்க்கால் தண்ணி மாதிரி சீராக ஓடும். சிலவற்றில் படத்தின் மேல் பாதி ஒரு இடத்திலும் கீழ்ப் பாதி ஒரு விரற்கடை தள்ளியும் நிற்கும், காகிதத்தைக் குறுக்கே கிழித்துக் கோணலாக ஒட்டின மாதிரி. இன்னும் சிலவற்றில் பக்கம் நகர்வதற்குள் ஃபேன் 'உய்ய்ங்' என்று கத்த ஆரம்பித்து, மடியில் வைக்க முடியாமல் சுடும்.

உடனே நாம என்ன சொல்வோம்? "மெஷின் பழசு பாஸ். புதுசு வாங்கணும்."

பல நேரம் அது உண்மைதான். ஆனால் சில நேரம் மெஷின் மேல் தப்பே கிடையாது. பிரவுசர் திரையில் படத்தைச் சேர்க்கிற வழி அந்த மெஷினுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அந்த வழிக்கு 'கம்போசிட்டிங்' என்று பெயர். நம்ம சிலபஸில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பேப்பரில் ஒரு ஓரமாக வந்துட்டுப் போகும். இரண்டு மார்க் கேள்வி. ஆனால் அய்யம்பேட்டைப் பக்கம் எங்க ஊர்ப் படிப்பகத்தில் மூன்று லேப்டாப் எடைக்குப் போகாமல் தப்பியது அந்த இரண்டு மார்க் விஷயத்தால்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் விஷயம் என்னன்னு பார்த்துடுவோம்.

பெரிய கோயில் வாசலில் ஒரு பாடம்

தஞ்சாவூருக்கு வந்தவர்கள் பெரிய கோயில் வாசல் கடைகளில் அந்த நாட்டியப் பெண் பொம்மையைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. லேசாகத் தட்டினால் தலை ஒரு பக்கம் ஆடும், உடம்பு ஒரு பக்கம் ஆடும், பாவாடை சும்மா நிற்கும். எப்படி? அது ஒரே பொம்மை இல்லை. பாவாடை தனி, உடம்பு தனி, தலை தனி. ஒன்றின் மேல் ஒன்றை முனையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இப்போ கொலுவில் வைக்கிற களிமண் பொம்மையை நினைச்சுப் பாருங்க. ஒரே வார்ப்பு. அதன் தலையை இடது பக்கம் திருப்பணும்னா? புதுசாக இன்னொரு பொம்மைதான் செய்யணும்.

பிரவுசருக்கும் இந்த இரண்டு வழிகள்தான். பக்கம் முழுவதையும் ஒரே வார்ப்பாக வரைந்தால், மெனு கொஞ்சம் நகர்ந்தாலும் அதைச் சுற்றி இருப்பதையெல்லாம் மறுபடி வரைய வேண்டும். அதுக்குப் பதிலாக மெனு ஒரு அடுக்கு, எழுத்து ஒரு அடுக்கு, வீடியோ ஒரு அடுக்கு என்று தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, திரைக்கு அனுப்பும்போது மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்? மெனு நகர்ந்தால் அந்த அடுக்கை மட்டும் நகர்த்தினால் போதும். தலையைத் தட்டினதுக்காக யாரும் பாவாடைக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதில்லையே! அப்படி அடுக்கிச் சேர்ப்பதுதான் கம்போசிட்டிங்.

சூப்பர்ல? அப்போ எல்லாத்தையும் அடுக்காகப் பிரிச்சுட வேண்டியதுதானே?

அங்கேதான் கணக்கு உதைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

பழைய லேப்டாப்களில் நிறைய பார்க்கிற திரை 1366க்கு 768 புள்ளிகள். பெருக்கினால் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட். ஆக, திரை அளவுள்ள ஒரே ஒரு அடுக்கை நினைவகத்தில் வைத்திருக்க சுமார் 42 லட்சம் பைட், அதாவது 4 எம்.பி. வேண்டும். அப்படி 20 அடுக்கு என்றால் 80 எம்.பி. இது ஒரு டேபுக்கு. நாம எங்கே ஒரு டேபோட நிறுத்துறோம்?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பொருளை அடுக்காகப் பிரித்துவிட்டால், அதன் மேல் கொஞ்சமாவது படிந்து நிற்கிற மற்ற பொருள்களையும் அடுக்காக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் மேலே இருக்க வேண்டியது கீழே போய்விடும். பக்கத்தை எழுதினவர் ஒரே ஒரு பட்டனுக்கு அசைவு கொடுத்திருப்பார். அதனால் பத்து அடுக்கு முளைத்திருக்கும். அவருக்கே தெரியாது!

நேரக் கணக்கு இதைவிட மோசம். சாதாரணத் திரை ஒரு விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் படம் தயாராகாவிட்டால் ஒரு முறை தவறும். கண்ணுக்கு அது 'தடுக்'கென்று தெரியும். ஒவ்வொரு முறையும் திரை முழுவதையும் புதிதாக எழுதினால் விநாடிக்கு சுமார் 250 எம்.பி. அள்ளிக் கொட்ட வேண்டும். வெறும் கர்சர் கண் சிமிட்டுவதற்காகவா இத்தனை?

அதனால் புத்திசாலிப் பிரவுசர்கள் மாறின இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு அதை மட்டும் புதுப்பிக்கும். டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். காய்ஞ்ச வயலுக்கு மட்டும்தானே மடையைத் திறப்போம்? ஏற்கெனவே தண்ணி நிக்கிற வயலுக்கும் சேர்த்துத் திறந்து விட்டா அப்பா சும்மா விடுவாரா?

கிழிசல் எங்கே இருந்து வருது?

திரை படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. அது பாதி வரை படித்திருக்கும்போது பிரவுசர் புதுப் படத்தை மாற்றி வைத்துவிட்டால் மேலே பழைய படம், கீழே புதுப் படம். அதுதான் கிழிசல். திரை ஒரு முறை படித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதற்கப்புறம் படத்தை மாற்றினால் கிழியாது.

சொல்வதற்கு ஈஸி. லினக்ஸில் இது ஏன் இவ்வளவு இழுத்தது என்று புரிய கொஞ்சம் பின்னால் போகணும்.

லினக்ஸில் ரொம்ப காலம் திரையை ஆண்டது எக்ஸ் விண்டோ. 1984ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. அதன் பதினோராவது பதிப்பான எக்ஸ்11 வந்தது 1987ல். அதில் அடுக்கு என்ற பேச்சே கிடையாது. ஒரு ஜன்னலை இன்னொரு ஜன்னல் மறைத்து விலகினால், "மறைஞ்ச இடத்தை மறுபடி வரைஞ்சு கொடுப்பா" என்று அந்த புரோகிராமைக் கேட்கும். 2004ல்தான் 'காம்போசிட்' என்ற சேர்க்கை வந்தது. ஒவ்வொரு ஜன்னலையும் மறைவான இடத்தில் வரைந்து வைத்து, தனி புரோகிராம் ஒன்று எல்லாவற்றையும் அடுக்கித் திரைக்கு அனுப்பும்.

2006ல் நோவெல் நிறுவனத்தின் டேவிட் ரெவ்மேன் வெளியிட்ட 'காம்பிஸ்' ஞாபகம் இருக்கா? டெஸ்க்டாப் கன சதுரமாகச் சுழலும். ஜன்னலை இழுத்தால் ஜெல்லி மாதிரி தளும்பும். அந்தக் காலத்து ஹாஸ்டல் அண்ணன்கள் லினக்ஸ் போட்டதே ஜூனியர்களிடம் அந்தக் கன சதுரத்தைச் சுற்றிக் காட்டத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. சும்மா சொல்லக்கூடாது, செம சீன்!

ஆனால் சீனுக்குப் பின்னால் ஒரு சிக்கல். பிரவுசர் தனக்குள் அடுக்குகளைச் சேர்த்து ஒரு படம் தயார் செய்யும். அதை வாங்கி டெஸ்க்டாப் மறுபடி ஒரு முறை சேர்க்கும். ஒரே வேலை இரண்டு தடவை. இரண்டும் ஒன்றோடு ஒன்று நேரம் ஒத்துப் போகாவிட்டால் தடுக்கல், கிழிசல் எல்லாம் இலவசம். இதைச் சரி செய்யத்தான் 2008ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 'வேலாண்ட்' என்ற புது ஏற்பாட்டைத் தொடங்கினார். அதில் திரையை ஆள்வதும் அடுக்கிச் சேர்ப்பதும் ஒரே ஆள். பிரவுசர் முடித்த படத்தை நேராக அவர் கையில் கொடுத்துவிடும்.

ஆக, லினக்ஸுக்கு பிரவுசர் எழுதுகிறவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. எக்ஸ்11 ஒரு பக்கம், வேலாண்ட் ஒரு பக்கம். பத்து விதமான டெஸ்க்டாப். கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு டிரைவர். சில டிரைவர்கள் தங்கம். சில டிரைவர்களைத் தொட்டாலே திரை உறைந்துவிடும். இதில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று வழி, ஒரு பின்வாசல்

முதல் வழி: எல்லாவற்றையும் சி.பி.யு.வே செய்யட்டும். கிராஃபிக்ஸ் சிப் பக்கமே போக வேண்டாம். மெதுவானது. ஆனால் எந்த மெஷினிலும் ஓடும்.

இரண்டாம் வழி: அடுக்குகளை சி.பி.யு. வரையட்டும், அவற்றைச் சேர்க்கும் வேலையை மட்டும் கிராஃபிக்ஸ் சிப்பான ஜி.பி.யு. பார்க்கட்டும். நம்ம பொம்மை வழி. பக்கத்தைத் தள்ளுவது சுலபம். நினைவகம்தான் தீரும். 2011 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 4 இதை எடுத்துக்கொண்டது. விண்டோஸில் ஜம்மென்று நடந்தது. லினக்ஸிலோ டிரைவர்களை நம்ப முடியாமல் பல வருடம் தானாக ஆன் ஆகாமலேயே இருந்தது.

மூன்றாம் வழி: அடுக்கா, இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம். வீடியோ கேம் மாதிரி, என்னென்ன வரைய வேண்டும் என்ற பட்டியலை ஜி.பி.யு.விடம் கொடுத்துவிடு, வரைவதையும் சேர்ப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மொஸில்லாவின் 'சர்வோ' என்ற ஆராய்ச்சித் திட்டத்தில், ரஸ்ட் மொழியில் பிறந்த 'வெப்ரெண்டர்' இது. 2019 மே மாதம் ஃபயர்பாக்ஸ் 67ல் விண்டோஸ் 10 வைத்திருந்த சிலருக்கு முதலில் போனது. லினக்ஸுக்கு வந்தது 2020 டிசம்பரில், ஃபயர்பாக்ஸ் 84ல். அதுவும் முதலில் ஜினோம் டெஸ்க்டாப்பில் எக்ஸ்11 வைத்திருந்தவர்களுக்கு மட்டும். ஃபயர்பாக்ஸ் 4 வந்ததிலிருந்து எண்ணினால் ஒன்பது வருடத்துக்கு மேல்! 2023 டிசம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 121, வேலாண்ட் இருந்தால் தானாகவே அதை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதற்குப் பக்கத்தில் வைத்த பின்வாசல். நல்ல ஜி.பி.யு. இல்லாதவர்கள் கதி? 'பழைய முறையையும் தனியாகப் பராமரிப்போம்' என்றால் எல்லா வேலையும் இரண்டு மடங்கு. 'அவர்களை விட்டுவிடுவோம்' என்றால் பாவம். மொஸில்லாக்காரர்கள் மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். ஜி.பி.யு. செய்யும் அதே வேலையை சி.பி.யு.விலேயே ஓட்டும்படி மென்பொருள் வெப்ரெண்டர் ஒன்றை எழுதி, 2021ல் பரவலாகக் கொடுத்தார்கள். வழி ஒன்றே, ஓட்டுகிற மாடு மட்டும் வேறு. க்ரோமியத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. தொந்தரவு தரும் சிப், டிரைவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த மெஷின்களில் ஜி.பி.யு. வேலையை நிறுத்திவிடும்.

பின்வாங்கினாலும் பெரிய ஆள்தான்

ஜினோம் டெஸ்க்டாப்பின் சொந்த பிரவுசருக்கு உள்ளே ஓடும் இஞ்சின் வெப்கிட் ஜி.டி.கே. இவர்கள் கதை இன்னும் சுவாரசியம்.

2016 செப்டம்பரில் வந்த 2.14 பதிப்பில், சேர்க்கும் வேலையைத் தனி இழையில் ஓட்டி, ஜி.பி.யு. வழியை எல்லாப் பக்கத்துக்கும் எப்போதும் ஆன் செய்தார்கள். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அசைவே இல்லாத சாதாரண எழுத்துப் பக்கத்துக்கும் அதே ஏற்பாடு, அதே நினைவகச் செலவு. சில டிரைவர்களில் தொல்லை வேறு.

ஆறே மாதத்தில், 2017 மார்ச்சில் வந்த 2.16 பதிப்பில் அதை மாற்றினார்கள். தேவைப்படும் பக்கத்துக்கு மட்டும் ஜி.பி.யு., மற்றதுக்கு வேண்டாம். கூடவே, 'எப்போதும்', 'ஒருபோதும் வேண்டாம்' என்ற தேர்வுகளையும் அதைப் பயன்படுத்தி புரோகிராம் எழுதுகிறவர்கள் கையில் கொடுத்தார்கள். நவீன வழியை எடுத்துவிட்டோமே, இனி எப்படி மாற்றுவது என்று கௌரவம் பார்க்கவில்லை. ஓடும் மெஷின்களைப் பார்த்தார்கள், மாற்றினார்கள்.

புராஜக்ட் வைவாவில் "ஏன் இந்த மெத்தட் எடுத்தீங்க?" என்று கேட்டால், "சார், இதுதான் சார் லேட்டஸ்ட்" என்று சொல்கிற கோஷ்டி நாம. இந்தக் கதையைப் படிச்ச பிறகு அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு நாக்கு வரலை.

இது நம்ம ஊர் விஷயம்

"யாரோ எங்கேயோ எழுதற பிரவுசர். நமக்கென்ன?" என்று கேட்காதீங்க.

2011 செப்டம்பர் 15ம் தேதி தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த அந்த மெஷின்களில் விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸ் வேறு யாரும் இல்லை, நம்ம சென்னை சி-டாக் உருவாக்கினது. டெபியனை அடிப்படையாக வைத்தது. வீட்டில் முதல் பட்டதாரியான எத்தனையோ அக்கா, அண்ணன்களுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான். டெல்டாவில் இன்றைக்கும் பரண் மேல் தேடினால் அந்தப் பையோடு ஒன்று அகப்படும். பல வருடங்களில், பல கம்பெனிகள் கொடுத்தவை. அதனால் உள்ளே பல வித சிப்.

இப்போது இன்னொரு அலை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்கள் எல்லாம் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன. அவற்றுக்கு முன்னால் இரண்டே வழி: லினக்ஸ், இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடை.

படிப்பகத்தில் நடந்தது

எங்க ஊர்ப் படிப்பகம் பெரிசா ஒண்ணும் இல்லை. ஒரு ஹால், இரண்டு ஃபேன், செய்தித்தாள், டி.என்.பி.எஸ்.சி. புத்தகங்கள். ஊரில் படித்து வேலைக்குப் போனவர்கள் தங்கள் பழைய லேப்டாப் மூன்றைக் கொடுத்திருந்தார்கள். மூன்றும் விண்டோஸ் 10ல் நின்றுவிட்டவை. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியப்பா, பொங்கல் லீவில் ஊருக்குப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா தம்பி, கம்ப்யூட்டர்தானே படிக்கிற? இத எடைக்குப் போட்டா ஒரு மின்விசிறியாவது வாங்கலாங்கிறாங்க. போட்டுடட்டுமா?"

"ரெண்டு நாள் பொறுங்க பெரியப்பா."

மூன்றிலும் லினக்ஸ் போட்டேன். மூன்றிலும் ஒரே பிரவுசர். சோதிக்க மூன்று பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டேன்: படம் நிறைந்த ஒரு தமிழ்ச் செய்திப் பக்கம், பழைய வினாத்தாள் பி.டி.எஃப்., பாட வீடியோ ஒன்று. படிப்பகத்துப் பிள்ளைகள் தினமும் திறப்பது இவைதானே. கூடவே நினைவகமும் சி.பி.யு.வும் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

முதல் லேப்டாப்பில் 2 ஜி.பி. ராம். ஜி.பி.யு. வழியில் பக்கம் அழகாக வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் நாலாவது டேபைத் திறந்ததும் மெஷின் மூச்சு வாங்கியது. காரணம், இந்த மாதிரி லேப்டாப்களில் ஜி.பி.யு.வுக்குத் தனி நினைவகம் கிடையாது. இருக்கிற 2 ஜி.பி.யிலிருந்துதான் அதுவும் எடுத்துக்கொள்ளும். மென்பொருள் வழிக்கு மாற்றினேன். தள்ளும்போது லேசான தடுக்கல் இருந்தது. ஆனால் நாலு டேபும் உயிரோடு இருந்தன. வினாத்தாள் படிக்கிறவருக்கு எது முக்கியம்? நாலு டேப்தான். இதை எழுத்துப் படிக்கிற மெஷின் என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது மூன்றிலும் புதுசு. ராம் தாராளம், டிரைவர் ஒழுங்கு. வேலாண்ட் டெஸ்க்டாப்பில் பிரவுசர் தானாக எடுத்துக்கொண்ட வழியே சரியாக இருந்தது. எதையும் தொடவில்லை. நல்லா ஓடுறதை நோண்டாம இருக்கிறதும் ஒரு முடிவுதான்!

மூன்றாவதுதான் யோசிக்க வைத்தது. ராம் போதுமான அளவு இருந்தது. ஆனால் சிப் பழசு என்பதால் பிரவுசர் ஜாக்கிரதையாக மென்பொருள் வழியிலேயே நின்றுகொண்டது. பாட வீடியோ போட்டால் சி.பி.யு. கொதித்தது. ஒன்றைக் கவனியுங்க: சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்தெடுப்பது ஒரு வேலை. பிரித்த படத்தை அளவு மாற்றித் திரையில் சேர்ப்பது இன்னொரு வேலை. இங்கே இரண்டும் சி.பி.யு. தலையில். இரண்டாவதையாவது ஜி.பி.யு. ஏற்றுக்கொண்டால் பாரம் குறையுமே? செட்டிங்கில் ஜி.பி.யு. வழியை வலுக்கட்டாயமாக ஆன் செய்தேன். அடுத்த நாள் முழுக்க, பிள்ளைகள் மாற்றி மாற்றி உட்கார்ந்து ஓட்டினார்கள். திரை உறையவில்லை. கிழியவில்லை. ஃபேன் சத்தம் அடங்கியது. ஒரு வேளை பிறகு உறைந்தால் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதி, லேப்டாப்பின் அடியில் ஒட்டிவிட்டேன்.

பிளஸ் டூ படிக்கும் பக்கத்துத் தெருத் தங்கச்சி ஒருத்தி மூன்றாவது மெஷினில் பாட வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிக் கேட்டாள்: "அண்ணா, இதுக்கு உள்ள என்ன மாத்துனீங்க?"

"உள்ள எதையும் மாத்தலை. வேலையை ஆள் மாத்திக் கொடுத்தேன்."

பெரியப்பா மூன்றையும் ஒரு முறை தடவிப் பார்த்தார். "அப்ப மின்விசிறிக்கு வேற வழி பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்க என்ன பண்ணலாம்?

மூன்று மெஷின், மூன்று முடிவு. எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பதிலை நான் இங்கே எழுதினால் அது பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கிற முறையைச் சொல்ல முடியும்.

ஒன்று, முதலில் பாருங்க. ஃபயர்பாக்ஸ் முகவரிக் கட்டத்தில் 'அபவுட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'சப்போர்ட்' என்று சேர்த்து அடியுங்க. வரும் பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற பகுதியில் 'கம்போசிட்டிங்' என்று ஒரு வரி இருக்கும். வெறும் வெப்ரெண்டர் என்றிருந்தால் வேலை ஜி.பி.யு. கையில். பக்கத்தில் சாஃப்ட்வேர் என்றும் சேர்ந்திருந்தால் சி.பி.யு. கையில். எக்ஸ்11ஆ, வேலாண்டா என்பதும் அங்கேயே தெரியும். குரோமில் 'குரோம்', முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, 'ஜி.பி.யு.' என்று அடித்தால் இதே விவரம் கிடைக்கும்.

இரண்டு, அந்த மெஷினில் உட்காரப் போகிறவர் என்ன பார்ப்பார் என்று கேளுங்க. எழுத்தா, வீடியோவா? ஒரு டேபா, பத்தா? சார்ஜர் எப்போதும் செருகியிருக்குமா, இல்லை கரன்ட் போனால் பேட்டரியில் ஓட்டணுமா?

மூன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. செட்டிங்ஸில் செயல்திறன் பகுதியில் ஜி.பி.யு. வசதியை நிறுத்தவோ திரும்ப ஆன் செய்யவோ முடியும். மாற்றிவிட்டு, பிரவுசரை மூடித் திறந்து, அதே பக்கங்களை மறுபடி ஓட்டுங்க. கண்ணை மட்டும் நம்பாமல் நினைவகத்தையும் பாருங்க. கண்ணுக்கு அழகாக ஓடினது நாலாவது டேபில் மூச்சு வாங்கலாம்.

நாலு, திரும்பி வரும் வழியை எழுதி வைங்க. நீங்க ஹாஸ்டலுக்குப் போயிடுவீங்க. மெஷின் அங்கேயேதான் இருக்கும்.

கடைசியா ஒன்று. ஏதாவது ஒரு சிப்பில் திரை கிழிந்தாலோ உறைந்தாலோ, அந்த விவரப் பக்கத்தை அப்படியே எடுத்து அந்த பிரவுசரின் பிழைப் பட்டியலில் பதியுங்க. எழுதுகிறவர்கள் மேஜையில் நம்ம ஊர்ப் பரண் மேல் கிடக்கிற லேப்டாப் இருக்காது. அப்படி ஒன்று இன்னும் ஓடுகிறது, அதில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று யாராவது சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படிக்கிற நாம சொல்லாம வேற யார் சொல்லப் போறாங்க?

இந்த வாரம் லீவுக்கு ஊருக்குப் போறீங்கதானே? பரணைப் பாருங்க. பையைத் தட்டி, லேப்டாப்பை எடுத்து, சார்ஜரைச் செருகுங்க. அது எழுந்து உட்கார்ந்தால் அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு ஆரம்பிங்க!